பொது ஆற்றுக்குப் பொது அளவு

தாம்பரம், பல்லாவரம் வட்டாரங்களின் குடிநீரில் ஒரு பகுதி, நெடுங்காலமாகப் பாலாற்று மணற்படுகையிலிருந்து பெறப்பட்டு வருகின்றது. அவ்வாறோ கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்த பின்னரே தமிழகத்தில் நுழைகின்றது. ஏறத்தாழ 348 கி.மீ. நீளமுள்ள அந்த ஆற்றில் 222 கி.மீ. தமிழகத்துக்குரியது. ஆற்றின் பெரும்பகுதி நம்மிடம் இருப்பினும், அதன் தலைப்பகுதி பிறரிடம் உள்ளது.

இந்நீர் குறித்து ஒப்பந்தம் இல்லாமலில்லை. 1892ஆம் ஆண்டில் சென்னை மாகாணமும் மைசூர் அரசும் செய்துகொண்ட உடன்படிக்கையில் பாலாறும் இடம்பெற்றது. மேற்பகுதியில் புதிய தேக்கம் எழுப்பும் முன் கீழ்ப்பகுதியின் இசைவைப் பெறவேண்டும் என்பது அதன் சாரம். எனினும் குப்பம் அருகே கணேசபுரத்தில் அணை கட்ட ஆந்திரம் முற்பட்டபோது, 2006இல் தமிழகம் உச்ச நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. ஏட்டில் உள்ள உரிமை ஆற்றில் நீராக மாறுவதற்கு, இருதரப்பும் நம்பும் அளவு ஒன்று வேண்டும். அதனை அளக்கத் தெரிந்த மனிதர்களும் வேண்டும்.

இஸ்லாமியச் சட்டவியல் இவ்வுண்மையைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டது. மதீனாவின் மஹ்ஸூர் ஓடை நீரைக் குறித்து நபி (ஸல்) அவர்கள் வழங்கிய தீர்ப்பு அபூதாவூத் முதலிய தொகுப்புகளில் பதிவாகியுள்ளது. மேல் நிலத்தார் கணுக்கால் அளவு வரை நீரைத் தேக்கிக்கொள்ளலாம். அதன்பின் கீழ் நிலத்தாருக்கு விட்டுவிட வேண்டும். ‘நியாயமாகப் பகிருங்கள்’ என்ற அறிவுரையோடு தீர்ப்பு நின்றுவிடவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. கணுக்கால் என்பது இருவரும் தத்தம் கண்ணால் சரிபார்க்கத்தக்க அளவுகோல். அங்கே ஐயத்துக்கு இடமில்லை.

இதே கோட்பாட்டை நாடுகளுக்கிடையே காண விரும்புவோர் கங்கையை நோக்கலாம். 1996 டிசம்பரில் இந்தியாவும் பங்களாதேஷும் 30 ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட உடன்படிக்கை, ஜனவரி முதல் மே வரையிலான வறண்ட மாதங்களில் ஃபரக்காவில் நீரைப் பத்து நாள் கணக்கில் பங்கிட வகைசெய்தது. ஃபரக்காவிலும், எல்லைக்கு அப்பால் ஹார்டிஞ்ச் பாலத்தருகிலும் நீரோட்டத்தை நாள்தோறும் அளந்து பதிவுசெய்யக் கூட்டுக் குழுக்களும் ஏற்படுத்தப்பட்டன. பங்கு போதாது என்ற முறையீடு பங்களாதேஷில் எழுந்ததுண்டு. ஆயினும் வாதிடுவதற்குப் பொதுவான ஓர் எண் இருந்தது.

இத்தகைய பணிக்கு உரியோர் தாமாக உருவாகிவிடுவதில்லை. நம் பொறியியல் கல்வி அணை கட்டக் கற்பிக்கின்றது. அணைக்குக் கீழே வாழ்பவரோடு பேசக் கற்பிப்பது அரிது. இக்குறையைக் களையும் முயற்சியொன்று 2000களில் தெற்காசியாவில் நிகழ்ந்தது. ஹைதராபாத்தில் இயங்கிய தெற்காசிய நீராய்வுக் கூட்டமைப்பான ‘சாசிவாட்டர்ஸ்’ அதனை ஒருங்கிணைத்தது. கிண்டி அண்ணா பல்கலைக்கழக நீர்வள மையம், டாக்கா பொறியியல் பல்கலைக்கழகம், நேபாளப் பொறியியல் கல்லூரி, இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றோடு நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகமும் பங்குகொண்டது. நீரியலோடு சமூகவியலும் நிருவாகவியலும் இணைத்துக் கற்பிக்கப்பட்டன. நீர்த்துறையில் பெண்களின் பங்கைப் பெருக்குவதும் அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று.

இத்தகைய பயிற்சியின் பயன் பாடத்திட்டத்தோடு முடிவதில்லை. ஒரே வகுப்பில் ஒரே கருவியால் ஓடையை அளந்தவர்கள், பின்னாளில் எதிரெதிர் மேசைகளில் அமர நேரிடினும், மற்றவரின் கணக்கைப் பொய்யென்று எளிதில் தள்ளிவிட மாட்டார்கள். அரசுகளின் உறவு முறியும்போது இதன் அருமை விளங்கும். 1960ஆம் ஆண்டின் சிந்து நதி உடன்படிக்கை, இரு நாட்டு ஆணையர்களும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கூடவேண்டும் என்று விதித்தது. 1965, 1971 போர்களையும் அது தாங்கி நின்றது. 2025 ஏப்ரலில் இந்தியா அதனை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. பொறியாளர்கள் மட்டும் அமைதியை ஈட்டிவிட முடியாதுதான். ஆனால் மீண்டும் பேசத் தொடங்கும் நாளில், முதலில் தேவைப்படுவது அவர்களின் கணக்கேடுகளே.

எல்லை என்பது நாட்டெல்லை மட்டுமன்று. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் புகுந்தபோது, அது எந்த உள்ளாட்சியின் எல்லையையும் கேட்டுப் புகவில்லை. ஓர் ஊரின் ஏரிக் கலங்கல் வழியே வெளியேறும் நீர் அடுத்த ஊருக்கு வரவாகின்றது. அங்கும் பொது அளவு தேவைப்படுகின்றது.

வண்டலூர் கிரசண்ட் போன்ற கல்விக்கூடங்களில் கட்டடப் பொறியியல் பயிலும் நம் பிள்ளைகள், அயல்நாட்டு வேலைக்கு அப்பால் இத்துறையையும் எண்ணிப்பார்க்க வேண்டும். நீரில் மக்கள் யாவரும் கூட்டாளிகள் என்று போற்றும் மரபில் வந்தவர்களுக்கு, அக்கூட்டை அளந்து காக்கும் கல்வி அந்நியமானதன்று.