அன்றாட உணவைக் கேட்கும் செபமும் பகாவ் மண்ணும்

எந்தச் சபையைச் சேர்ந்த கிறிஸ்தவரானாலும் மனப்பாடமாகச் சொல்லும் செபம் ஒன்று உண்டு. இயேசு தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த அந்தச் செபம் மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்திலும் லூக்காவின் 11ஆம் அதிகாரத்திலும் இருக்கிறது. சொல்லி முடிக்க அரை நிமிடம் போதும். அதனால்தானோ என்னவோ, அதில் என்ன கேட்கிறோம் என்று பலரும் யோசிப்பதில்லை. உணவுக்காக வரும் வேண்டுதலில் கேட்கப்படுவது அன்றைய சாப்பாடு மட்டுமே.

தோட்டத்து மக்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்று, மழையில் மரம் நனைந்திருந்தால் பால்வெட்டு இல்லாமல் வீடு திரும்பியவர்களின் பிள்ளைகள்தான் இன்று பகாவிலும் சிரம்பானிலும் வாழ்கிறார்கள். வெட்டு இல்லையென்றால் அன்றைய சம்பளமும் இல்லை.

பழைய ஏற்பாட்டிலும் இதே பாடம் வருகிறது. பாலைவனத்தில் இஸ்ரயேல் மக்களுக்கு மன்னா என்ற உணவு கிடைத்தது. நாளைக்கென்று எடுத்து வைத்தது புழு பிடித்துப் போனது. ஓய்வு நாளுக்கு முந்திய நாள் மட்டும் இரு மடங்கு எடுக்கலாம். சேமிப்பே கூடாது என்று இதற்குப் பொருள் சொல்வது தவறு. நாளைய கவலை இன்றைய நாளைத் தின்றுவிடக் கூடாது என்பதே அதன் கருத்து. நாலு நம்பர் விழ வேண்டும் என்று மெழுகுவர்த்தி ஏற்றுபவர்கள் வேறு ஏதோ ஒரு செபத்தைச் சொல்கிறார்கள்.

இந்த வேண்டுதல் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட இடங்களில் பகாவும் ஒன்று. ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூரில் உணவுப் பஞ்சம் முற்றியபோது, மக்களை வெளியேற்றி நிலத்தில் பயிரிட வைக்கத் திட்டம் போட்டார்கள். 1943ஆம் ஆண்டு இறுதியில் யுரேஷியர்களும் சீனக் கத்தோலிக்கர்களுமாகச் சுமார் 3,000 பேர் பகாவ் காட்டுக்கு வரத் தொடங்கினார்கள். ஜப்பானியர் அந்தக் குடியிருப்புக்கு வைத்த பெயர் ஃபுஜி-கோ. வந்தவர்களில் பலர் ஆபீஸ் குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், கன்னியாஸ்திரிகள். மண்வெட்டி பிடித்துப் பழகாத கைகள். மண்ணும் வளமில்லாதது, மலேரியாவுக்கு மருந்தும் போதவில்லை. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போனதை நம் குடும்பங்கள் மறக்கவில்லை. பக்கத்துக் காட்டில் நடந்த இந்தக் கதைதான் நம்மவர்களுக்கு அதிகம் தெரியாது.

அந்த மக்களோடு அவர்களின் ஆயர் அட்ரியன் டெவால்சும் பகாவுக்கு வந்தார். பிரான்சிலிருந்து வந்த மறைபரப்பாளரான அவர் மலாக்கா மறைமாவட்டத்தின் தலைவர். மற்றவர்களுக்குச் செபம் சொல்லிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி இருந்திருக்கலாம். அவரும் மண்ணைக் கொத்தினார். மண்வெட்டி காலில் பட்ட காயம் முற்றி, 1945 ஜனவரியில் இறந்தார். அன்றைய உணவைக் கேட்பது கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதல்ல என்று இதைவிடத் தெளிவாக ஒரு பிரசங்கத்தில் சொல்ல முடியாது.

அந்தச் செபத்தில் ‘எனக்கு’ என்ற சொல்லே இல்லை, எல்லாம் ‘எங்களுக்கு’தான். தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செபிக்கச் சொன்ன இயேசு, அதே அதிகாரத்தில்தான் இந்தப் பன்மையையும் கற்றுக்கொடுக்கிறார். தன் சோற்றுக்காகச் செபிக்கும் வீடு, பக்கத்து லயத்தில் அடுப்பு எரியாததையும் கூடவே சொல்லிவிடுகிறது.

உணவுக்கு அடுத்து வருவது மன்னிப்பு. கத்தோலிக்கர் அங்கே ‘குற்றம்’ என்று சொல்கிறார்கள். புரொட்டஸ்டண்ட் சபைகளின் தமிழ் வேதாகமத்தில் மத்தேயு ‘கடன்’ என்கிறார். கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பதும் கடன்தான். கடைக்காரரின் பற்றுப் புத்தகத்தில் பெயர் ஏறி, சம்பள நாளில் பாதிப் பணம் அங்கேயே போன தலைமுறைக்குக் கடன் என்றால் என்ன பாரம் என்று தெரியும். அந்தப் பாரத்தை இறக்கி வைக்கக் கேட்பவர், தனக்குக் கடன்பட்டவரின் பெயரையும் புத்தகத்திலிருந்து அடிக்க வேண்டும். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஊரே வந்து போகும் வீட்டில், ஒரு நிலத் தகராறுக்காகச் சொந்தத் தம்பி மட்டும் பல வருடமாக வாசற்படி மிதிக்காமல் இருப்பான். இரவில் அந்த வரி வரும்போது அண்ணன்காரர் சற்று வேகமாகவே சொல்லிவிட்டுப் போவார்.