விக்ரர் ஹாராவின் கிற்றார் எங்கிருந்து வந்தது?

சிலி நாட்டுப் பாடகர் விக்ரர் ஹாராவை எங்களில் பலர் அவர் கொல்லப்பட்ட விதத்தின் ஊடாகவே அறிந்திருக்கிறோம். ஊடகக் கற்கை படித்த காலத்தில் எனக்கும் அவர் முதலில் ஒரு சுவரொட்டி முகமாகத்தான் அறிமுகமானார். பாடல்களைத் தேடிக் கேட்டது பிறகுதான். 1973 செப்டெம்பரில் படையினர் ஏன் அவருக்குப் பயந்தார்கள் என்பதற்கான விடை அந்தப் பாடல்களில் இருக்கிறது.

1932 இல் பிறந்த ஹாராவின் தந்தை மனுவெல் பண்ணைக் கூலி. தாய் அமண்டா கிற்றாரோடு பாடுபவர். ஊர்க் கலியாணம், செத்தவீடு எதுவானாலும் அவரைத்தான் அழைப்பார்கள். இறந்த குழந்தைகளுக்காக இரவிரவாகப் பாடும் வழக்கமும் அங்கே இருந்தது. எங்கள் ஒப்பாரியை அறிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. தந்தை குடியில் விழ, தாய் பிள்ளைகளோடு தலைநகர் சன்ரியாகோவுக்குப் போய்ச் சந்தையில் சமைத்து விற்றுக் குடும்பத்தைக் காத்தார். கிற்றாரில் கை பழக விக்ரருக்கு உதவியது அயலில் வசித்த ஒருவர்.

பதின்ம வயதில் தாயை இழந்த பின், குருவாகும் எண்ணத்தோடு கத்தோலிக்கக் குருமடத்தில் சேர்ந்தார். இரண்டு வருடத்தில் வெளியேறினாலும், அங்கு கற்ற வழிபாட்டு இசை அவரை விட்டுப் போகவில்லை. 1969 இல் புதிய சிலிப் பாடல் விழாவின் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்ட ‘ஓர் உழவனுக்கான மன்றாட்டு’ பாடல், கர்த்தர் கற்பித்த செபத்தின் வடிவத்திலேயே எழுகிறது. செபம் வானத்தை நோக்கிப் போக, இவர் பாட்டு பக்கத்தில் நிற்கும் உழவனை நோக்கிப் போகிறது.

குருமடத்துக்குப் பிறகு நாடகம் படித்து நெறியாளரானார். ‘குன்குமேன்’ என்ற நாட்டார் இசைக் குழுவிலும் பாடினார். 1957 அளவில் வியோலெத்தா பார்ராவைச் சந்தித்தது பெரிய திருப்பம். ஊர் ஊராகப் போய் முதியவர்களிடம் பாடல் சேகரித்தவர் அவர். ஹாராவும் கிராமங்களுக்குப் போனார். 1965 இல் பார்ராவின் பிள்ளைகள் தொடங்கிய பாட்டு விடுதியில் மேடையேறினார். அடுத்த வருடம் முதல் இசைத்தட்டு வந்தது.

அவர் நாட்டார் இசையை அருங்காட்சியகப் பொருளாக வைத்திருக்கவில்லை. 1969 மார்ச்சில் புவேர்த்தோ மொந்த் நகரில், காணியற்ற குடும்பங்கள் குடியேறிய நிலத்தில் பொலிஸார் சுட்டுப் பலரைக் கொன்றபோது, உள்துறை அமைச்சரின் பெயரைச் சொல்லியே பாடினார். வியட்நாமுக்காக எழுதிய ‘சமாதானமாக வாழும் உரிமை’ (1971) பாடலில் ரொக் குழுவொன்றின் மின்கிற்றாரைச் சேர்த்தார். அடுத்த வருடம் வந்த ‘லா பொப்லாசியொன்’ என் தெரிவில் அவரது சிறந்த படைப்பு. காணி பிடித்துக் குடியேறிய மக்களின் கதை அது. அவர்களிடம் போய்ப் பேசிப் பதிவுசெய்த குரல்களும் பாடல்களோடு அதில் இருக்கின்றன. ‘உன்னை நினைக்கிறேன் அமண்டா’ பாடலில் வரும் காதலர்களுக்குத் தன் பெற்றோரின் பெயர்களையே வைத்தார்.

1973 செப்டெம்பர் 11 இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. மறுநாள் அவர் கற்பித்த பல்கலைக்கழகத்தில் கைதாகி, உள்ளக விளையாட்டரங்கொன்றில் அடைக்கப்பட்டார். அங்கே அவர் எழுதிய கடைசி வரிகளைச் சக கைதிகள் மறைத்து வெளியே கொண்டுவந்தார்கள். 16 ஆம் திகதி உடல் கிடைத்தது. கைகள் துண்டிக்கப்பட்டதாக இன்றும் எழுதுகிறார்கள். உடலை நேரில் கண்ட மனைவி ஜோன் அப்படிச் சொல்லவில்லை. அடித்து முறிக்கப்பட்ட கைகளையும் துப்பாக்கிக் காயங்களையுமே அவர் பதிவுசெய்தார். 2009 இல் உடல் தோண்டி எடுக்கப்பட்டபோது பல சூட்டுக் காயங்கள் உறுதியாயின. நடந்ததே போதும், கூட்டிச் சொன்னால் மறுப்பவர்களுக்குத்தான் வசதி.

புதிய ஆட்சி அவரது இசைத்தட்டு நிறுவனத்தை மூடி மூலப்பிரதிகளை அழித்தது. ஜோன் பிள்ளைகளோடு வெளியேறியபோது பாடல்களும் அவரோடு போயின. நாற்பத்தைந்து வருடம் கழித்து, 2018 இல் முன்னாள் படை அதிகாரிகள் எட்டுப் பேருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 2023 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் ஏழு பேரின் குற்றத் தீர்ப்பை உறுதிசெய்தது. சுட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு அமெரிக்காவில் வாழ்ந்த பெத்ரோ பரியெந்தோஸ், அந்த வருடம் டிசெம்பர் 1 இல் சிலிக்கு நாடுகடத்தப்பட்டார். ஜோன் நவம்பர் 12 இல் காலமாகியிருந்தார்.