பிள்ளைகளுக்கும் பென்ஷன் உண்டு

அத்திபெலே கர்நாடகத்தின் எல்லையில் இருக்கும் ஊர். அடுத்து ஓசூர். இங்கே தொழிற்சாலைகள் நிறைய உள்ளன. தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்பவர்களும் பலர். சம்பளத்தில் பி.எஃப். பிடிப்பது அவர்களுக்குத் தெரியும். பி.எஃப். மூலம் பிள்ளைகளுக்குப் பென்ஷன் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

1995 நவம்பர் 16-இல் மத்திய அரசு தொழிலாளர் பென்ஷன் திட்டத்தைத் தொடங்கியது. முதலாளி கட்டும் பி.எஃப். பங்கில் ஒரு பகுதி இதற்குப் போகிறது. வேலையில் இருக்கும்போது தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்குப் பென்ஷன் உண்டு. ஒரு மாதப் பணம் கட்டியிருந்தாலே போதும். விபத்தில் இறந்தாலும் நோயில் இறந்தாலும் உண்டு.

யாருக்கு எவ்வளவு?

தந்தை இறந்தார், தாய்க்கு மாதம் 2,000 ரூபாய் பென்ஷன் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு அதில் கால் பங்கு, அதாவது 500 ரூபாய், தனியாகக் கிடைக்கும். குறைந்தது 250 ரூபாய் தருவார்கள். மகனுக்கும் உண்டு, மகளுக்கும் உண்டு. 25 வயது வரை கிடைக்கும். வேலை செய்த தாய் இறந்தாலும் இதே கணக்குதான்.

ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகளுக்குத்தான் தருவார்கள். மூத்தவருக்கு 25 வயது முடிந்ததும் மூன்றாவது பிள்ளைக்கு வரும். முழு ஊனமுற்ற பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் உண்டு.

தாயும் இறந்துவிட்டால்? அல்லது மறுமணம் செய்துகொண்டால்? தாயின் பென்ஷன் நின்றுவிடும். ஆனால் பிள்ளையின் பங்கு முக்கால் பாகமாக உயரும். 500 ரூபாய் 1,500 ரூபாய் ஆகும்.

என்ன செய்ய வேண்டும்?

உங்கள் பி.எஃப். எண் 12 இலக்கம் கொண்டது. அதை வீட்டில் எழுதி வையுங்கள். பென்ஷன் கணக்கிலும் பணம் சேருகிறதா என்று கேளுங்கள். குடும்பத்தார் எல்லோருடைய பெயரையும் பதிவு செய்யுங்கள். ஆதாரில் உள்ளபடியே பெயரும் பிறந்த தேதியும் இருக்கட்டும். எழுத்து மாறினால் பணம் வரத் தாமதமாகும்.

இறந்த பிறகு 10-டி படிவத்தில் மனு செய்ய வேண்டும். இறப்புச் சான்று, பிள்ளைகளின் வயதுச் சான்று, வங்கிப் புத்தகம் தேவை.

குடும்பம் சொந்த ஊருக்குத் திரும்பினாலும் பென்ஷன் நிற்காது. 2025 ஜனவரி முதல் நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் வாங்கலாம்.

பெற்றவர் உழைத்ததால் வந்த பணம் இது. கூச்சப்படாமல் கேளுங்கள்.