தலையோட குடுங்கண்ணே!

நீங்க விரால் மீனைப் பார்த்திருக்கீங்களா? குழம்புல இல்ல பாஸ்... முழுசா, தலையோட, உயிரோட? 'இல்லை'ன்னு சொல்றவங்க தொடர்ந்து படிங்க. 'ஆமா'ன்னு சொல்றவங்க கட்டாயம் படிங்க. ஏன்னா, ரெண்டு மாசம் முன்னாடி வரைக்கும் நானும் அந்த 'ஆமா' கோஷ்டிதான்!

எனக்கு வீடு விழுப்புரம், படிப்பு திண்டிவனத்துப் பக்கம். மெக்கானிக்கல், மூணாவது வருஷம். பாட்டிக்கு இடுப்புல ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. 'புண்ணு ஆறணும்னா விரால் சாப்பிடணும்'ங்கிறது எங்க ஊர் நம்பிக்கை. பத்து நாளா கஞ்சியும் ரசமுமா இருந்த பாட்டி, போன்ல வாய்விட்டுக் கேட்டுச்சு... "வரும்போது ரெண்டு விரால் வாங்கிட்டு வாடா!"

கையில முதல் இன்டர்ன்ஷிப் பணம். சும்மா விடுவோமா? ரோட்டோரத்துல வியாபாரம் பண்ணிக்கிட்டிருந்த ஒருத்தர்கிட்ட, '600 ரூபாய்க்கு விரால்'னு கெத்தா கேட்டேன். "தலை வேஸ்ட்டு தம்பி, எடுத்துடவா?"ன்னார். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினேன். துண்டு போட்டு, கறுப்பு கவர்ல கட்டி, பாசஞ்சர் ரயில்ல பொக்கிஷம் மாதிரி மடியில வெச்சு எடுத்துட்டுப் போனேன்.

அம்மா கவரைப் பிரிச்சதும் ஒரு துண்டை எடுத்துத் தோலை விரலால தேய்ச்சாங்க. "டேய்... இது விரால் இல்லடா, கெளுத்தி!" அன்னிக்கும் பாட்டிக்கு ரசம்தான். 'பரவாயில்ல, புள்ள ஆசையா வாங்கிட்டு வந்திருக்கு'ன்னு அது சொன்னதுதான் இன்னும் குத்துது.

தோலைத் தொட்டே அம்மா எப்படிக் கண்டுபிடிச்சாங்க? அங்க ஆரம்பிச்சதுதான் இந்த ஆராய்ச்சி. குரு ரெண்டு பேர். எங்க தெருவுக்கு அலுமினியக் கூடையில மீன் கொண்டு வர்ற அக்கா ஒருத்தர். இன்னொருத்தர், 1870-கள்ல இந்திய மீன்களைப் பத்தி பெரிய புத்தகம் போட்ட பிரான்சிஸ் டே. மெட்ராஸ்ல டாக்டரா வேலை பார்த்த வெள்ளைக்காரர். ரெண்டு பேர்ல யாரு பெஸ்ட்னு கேட்டா, சந்தேகமே இல்லாம அக்காதான்!

முதல் பாடம் தோல். கெளுத்தி வகைகள்ல செதிலே கிடையாது. வழவழன்னு, மழையில நனைஞ்ச ரெக்ஸின் மாதிரி இருக்கும். விராலுக்கு உடம்பு பூராவும் செதில். சுரண்டி எடுத்தாலும், செதில் செருகியிருந்த தடம் தோல்ல வரிசை வரிசையா தெரியும். அம்மா தேடினது அந்தத் தடத்தைத்தான்.

சரி, ஏமாத்தறவங்க ஏன் குறிப்பா இந்த ரெண்டையும் மாத்தறாங்க? ஏன்னா, தலையை எடுத்துட்டா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ரெண்டும் கறுப்பு, ரெண்டும் உருளை, முதுகுலயும் வயித்துப் பக்கமும் நீளத் துடுப்பு, வட்டமான வால். தண்ணியை விட்டு வெளியே எடுத்தாலும் ரெண்டும் சட்டுனு சாகாது, காத்தை நேரா சுவாசிக்கும். ஆனா, வழி வேற. விராலுக்கு செவுளுக்கு மேலே தனியா ஒரு காத்து அறை. அந்தக் கெளுத்திக்கோ செவுளுக்குப் பின்னாடி குட்டி மரம் மாதிரி கிளை கிளையா ஒரு உறுப்பு. விரால் அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காத்து வாங்கியே ஆகணும். மேலே வர விடாம தண்ணிக்குள்ளேயே அமுக்கி வெச்சா மூச்சு முட்டிச் செத்துடும். மீன் தண்ணியில மூழ்கிச் சாகுது... நம்புவீங்களா?

தலையைப் பார்த்துட்டா குழப்பமே இல்லை. விராலுக்குப் பாம்புத் தலை, பெரிய பெரிய செதில் பதிச்சது, மீசை கிடையாது. கெளுத்திக்கு நாலு ஜோடி மீசை. தலையை எடுக்கிறவன் ஆதாரத்தை எடுக்கிறான் பாஸ்!

நான் ஏமாந்தது அநேகமா ஆப்பிரிக்கக் கெளுத்தி. ஒரு மீட்டருக்கு மேலேயும் வளரும், எதையும் தின்னும், கோழிக்கழிவு போட்டாலும் கொழுக்கும். குளத்துல இருக்கிற நாட்டு மீனையெல்லாம் காலி பண்ணிடும்னுதான் 2000-லயே மத்திய அரசு இதை வளர்க்கத் தடை போட்டுச்சு. தடை இருக்கு, மீனும் இருக்கு! இதே குடும்பத்துல நம்ம நாட்டு வகை ஒண்ணு உண்டு, வடக்கே 'மாகூர்'னு சொல்வாங்க. வித்தியாசம் கண்டுபிடிக்க, தலையோட பின்பக்க எலும்பைப் பாருங்க. நாட்டு வகையில அது ஒரே கூம்பா முடியும். ஆப்பிரிக்கனுக்கு மேடும் பள்ளமுமா, 'டபிள்யூ' மாதிரி இருக்கும்.

இதுல இன்னொரு கவலை. 2024 ஃபெஞ்சல் புயல் ஞாபகம் இருக்கா? டிசம்பர் 1 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல மயிலத்துல மட்டும் 51 சென்டிமீட்டர் மழை. அந்த மாதிரி வெள்ளத்துல ஏரி எது, வயல் எது, குட்டை எதுன்னு மீனுக்குத் தெரியுமா என்ன? ஒருத்தர் திருட்டுத்தனமா குட்டையில வளர்க்கிறது, ஒரே ராத்திரியில ஆத்துக்கும் ஏரிக்கும் குடி போயிடும். வீட்டுத் தொட்டியில பாசி தின்னட்டும்னு வாங்கற 'டேங்க் கிளீனர்' மீனும் இதே கதைதான். தென் அமெரிக்கச் சரக்கு. வளர்ந்து போரடிச்சதும் 'பாவம்'னு ஏரியில விடற நல்ல உள்ளங்களே... ப்ளீஸ், வேணாம்!

அடுத்து, நம்ம மெஸ் சண்டே ஸ்பெஷல்கள். கட்லா, ரோகு, மிர்கால். மூணையும் ஒரே குளத்துல வளர்ப்பாங்க. மூணு மாடி ஹாஸ்டல் மாதிரி, ஆளுக்கொரு ஃப்ளோர். யாரு எந்த ஃப்ளோர்னு வாயைப் பார்த்தே சொல்லிடலாம். கட்லாவுக்குப் பெரிய தலை, மேல் நோக்கித் திறக்கிற வாய். மேல் மட்டத்துல மிதக்கிற நுண்ணுயிரிகளைத் தின்னும். மிர்கால் வாய் கீழ் நோக்கி இருக்கும், தரையைத் துழாவற பார்ட்டி. ரோகு நடு ஃப்ளோர். கீழ் உதட்டைத் தொட்டுப் பாருங்க, ஓரத்துல குஞ்சம் வெச்ச மாதிரி இருக்கும். மூணுக்கும் தாடையில பல் கிடையாது. பல்லெல்லாம் தொண்டைக்குள்ளே!

கட்லாவும் ரோகுவும் வடக்கத்தி ஆத்து மீன். ஓடாத தண்ணியில இனப்பெருக்கம் பண்ணாம அடம் பிடிச்சதுங்க. ஹிராலால் சௌத்ரி என்கிற விஞ்ஞானி பிட்யூட்டரி சுரப்பிச் சாறை ஊசியில ஏத்தி, 1957 ஜூலை 10-ம் தேதி ஒடிசாவுல ஜெயிச்சுக் காட்டினார். நம்ம தட்டுக்கு வருஷம் பூரா கட்லா வர்றது அந்த ஊசியாலதான். ஜூலை 10 இப்போ தேசிய மீன் விவசாயிகள் தினம்.

ஜிலேபி மீனைக் கண்டுபிடிக்க ஒரு சூப்பர் டெக்னிக். மூக்கை எண்ணுங்க! பெரும்பாலான மீனுக்குப் பக்கத்துக்கு ரெண்டு நாசித் துளை. ஜிலேபிக்கு ஒண்ணே ஒண்ணுதான். உடம்புல ஓடற பக்கவாட்டுக் கோடும் இதுக்கு நடுவுல அறுந்து ரெண்டு துண்டா இருக்கும். 1952-ல இந்தியாவுக்குள்ளே கொண்டுவந்தது, இன்னிக்கு எந்த ஏரியில வலை வீசினாலும் ஆஜர். அம்மா மீன் முட்டைகளை வாயிலேயே வெச்சு அடைகாத்தா, குடும்பம் பெருகாம என்ன செய்யும்?

செவுளைப் பத்தி மெக்கானிக்கல் பசங்ககிட்ட ஒரு வார்த்தை. 'கவுன்டர் ஃப்ளோ ஹீட் எக்ஸ்சேஞ்சர்'னு ராத்திரி முழுக்க மனப்பாடம் பண்றோமே, மீன் அதைச் செவுள்லயே வெச்சிருக்கு! தண்ணி ஒரு பக்கம், ரத்தம் எதிர்ப்பக்கம். அதனாலதான் தண்ணியில கரைஞ்ச கொஞ்சூண்டு ஆக்சிஜன்ல 80 சதவீதம் வரைக்கும் உறிஞ்ச முடியுது. எனக்கு அரியர் வெச்ச அதே டாபிக். செவுளைத் திறந்து பார்த்த அன்னிக்குத்தான் புரிஞ்சது. அக்காவுக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் தெரியாது. "செவுள் ரத்தச் சிவப்பா இருந்தா புதுசு, பழுப்பா இருந்தா ஓடிடு"ன்னு மட்டும் சொன்னாங்க. எக்ஸாமுக்கு அது, வாழ்க்கைக்கு இது!

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்துக்கு வர்றேன். விராலுக்குத் தம்பி மாதிரி குறவைன்னு ஒண்ணு உண்டு. குட்டி விரால்னு சொல்லி அதையும் தலையில கட்டுவாங்க. பக்கவாட்டுல செதிலை எண்ணினா, குறவைக்கு 40 பக்கம், விராலுக்கு 50-க்கு மேலே. இந்த ரெண்டுக்கும் அறிவியல் பேரு வெச்ச கதையில நம்ம கடற்கரைக்குப் பங்கு இருக்கு. தரங்கம்பாடியில இருந்த ஜான் என்கிற பாதிரியார், மீன்களைப் பதப்படுத்தி பெர்லின்ல இருந்த ப்ளாக் என்கிற டாக்டருக்குக் கப்பல்ல அனுப்பினார். ப்ளாக் 1793-ல ரெண்டையும் விவரிச்சு எழுதினார். 1801-ல பிரான்ஸ்காரர் லசபேட் அதே மீன்களுக்கு வெச்ச லத்தீன் பேரைப் படிச்சுப் பாருங்க... 'ஓஃபிசெஃபாலஸ் வ்ரால்', 'ஓஃபிசெஃபாலஸ் கருவெய்'. அட, நம்ம விராலும் குறவையும்! இப்போ அந்தப் பேருங்க புழக்கத்துல இல்லை. ஆனாலும் பட்டியல்ல பத்திரமா இருக்கு. அதே தரங்கம்பாடியில 1791-ல டால்டார்ஃப் என்கிற டேனிஷ்காரர், பனைமரத்துப் பட்டை இடுக்குல ஏறிக்கிட்டிருந்த மீனைப் பிடிச்சதா எழுதி வெச்சார். பனையேறிக் கெண்டை! நம்ம பேட்ச்ல எத்தனை பேருக்கு அந்தப் பேரு தெரியும்னு வாட்ஸ்அப் குரூப்ல கேட்டேன். 62 பேர்ல 3 பேர்.

போன சனிக்கிழமை மறுபடியும் விரால் வாங்கினேன். இந்த முறை வேற இடம், வாளியில உயிரோட நீந்திக்கிட்டிருந்தது. மீசை இல்லை, செதில் இருக்கு, பாம்புத் தலை ஓகே. தராசுல இருந்து ஒரு தடவை துள்ளி என் செருப்புமேல விழுந்துச்சு. கடைக்காரர் கத்தியை எடுத்துக்கிட்டே, "தலை வேணுமா தம்பி?"ன்னார்.

"தலையோட குடுங்கண்ணே!"

பாட்டி ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு நிமிர்ந்து பார்த்துச்சு. "தலையை யாருடா எடுத்துக்கிட்டது?"

அது என் தட்டுல இருந்துச்சு. எடுத்துக் குடுத்துட்டேன்.