வெளிநாட்டுப் படிப்பு: அனுப்பின பணம் பையன் கைக்கு எப்போ போகும்?

போன வருஷம் அக்டோபர்ல ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு போன். மயிலாப்பூர்ல இருக்கற என் க்ளையண்ட், ஓய்வு பெற்ற ஆசிரியர். மகன் எம்.எஸ். படிக்க ஜெர்மனியில ஆகன் நகரத்துக்குப் போய் மூணு வாரம் ஆகியிருந்தது. "தம்பி, பத்து லட்சத்துக்கு மேல அனுப்பியிருக்கேன். பையன் ஃப்ரெண்டுகிட்ட கடன் வாங்கிச் சாப்பிடறேங்கறான். பணம் எங்க போச்சு?"

பணம் எங்கேயும் போகலை. பையன் பேர்லயே பத்திரமா இருந்தது. எடுக்கத்தான் முடியலை.

ஜெர்மனி விசாவுக்கு 'ப்ளாக்டு அக்கவுண்ட்'ல ஒரு வருஷச் செலவைப் போட்டு வைக்கணும். இப்போ அது 11,904 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய்னு ரவுண்டா வெச்சா கிட்டத்தட்ட 12 லட்சம். அதுல இருந்து மாசத்துக்கு 992 யூரோதான் வெளிய வரும். அதுவும் போய் இறங்கின உடனே இல்லை. வாடகைக்கு இடம் கிடைக்கணும், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட படிவம் வேணும், அதை வெச்சு நகராட்சியில முகவரி பதியணும், அப்புறம் அங்கே ஒரு சாதாரண வங்கிக் கணக்கு. இதெல்லாம் முடிஞ்சாதான் வழக்கமா முதல் 992 வரும். குடியேறின 14 நாளுக்குள்ள முகவரி பதியணும்னு அங்கே விதி. ஆனா முதல்ல வீடு கிடைக்கணுமே!

அந்த முதல் மாசச் செலவைப் பாருங்க. ரூம் வாடகை 400 யூரோன்னு வெச்சுக்கலாம். அட்வான்ஸ், சட்டப்படி அதிகபட்சம் மூணு மாச வாடகை, அதாவது 1,200. ஹெல்த் இன்சூரன்ஸ் கட்டாயம், மாசம் சுமார் 145. செமஸ்டர் கட்டணம் பல இடங்கள்ல 300-ஐ ஒட்டி வரும். மெத்தை, குளிர் ஜாக்கெட், சிம் கார்டுக்கு 250. மொத்தம் 2,295 யூரோ, சாப்பாடு சேர்க்காமலே. முதல் நாளே 992 கைக்கு வந்தாலும் பத்தாது.

அதனால ப்ளாக்டு அக்கவுண்டுக்கு மேல குறைஞ்சது 2,500 யூரோ, அதாவது இன்னொரு ரெண்டரை லட்சம், உடனே எடுக்கற மாதிரி பையன் கையில இருக்கணும். பெரும்பகுதியை ஃபாரெக்ஸ் கார்டுல போடுங்க, கொஞ்சம் நோட்டாக் கொடுத்து அனுப்புங்க. ரொக்கமா 3,000 டாலர் மதிப்பு வரைதான் எடுத்துட்டுப் போகலாம். நம்ம ஊர் டெபிட் கார்டை அங்கே தேய்ச்சா பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை கூடுதலாப் பிடிக்கும், அது அவசரத்துக்கு மட்டும். இன்னொண்ணு, அந்த அட்வான்ஸை மூணு மாசத் தவணையாக் கட்ட வாடகைதாரருக்கு ஜெர்மன் சட்டம் உரிமை கொடுக்குது. பையனைக் கேட்கச் சொல்லுங்க. தி.நகர்ல குக்கர் வாங்கற நேரத்துல பாதியை இந்தக் கணக்குக்கு ஒதுக்கினாலே போதும்!

'பார்ட் டைம் வேலை பார்த்துக்குவான்'னு சொல்றவங்களுக்கு: வருஷத்துக்கு 140 முழு நாள் இல்லைன்னா 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனா ஜெர்மன் மொழி சரியா வராம முதல் மாசமே வேலை கிடைக்கும்னு பட்ஜெட் போடாதீங்க.

அனுப்பும்போது பிடிக்கற டிசிஎஸ்

2025 ஏப்ரல் 1 முதல், ஒரு நிதியாண்டுல ஒருத்தர் பான்-ல வெளிநாட்டுக்கு 10 லட்சம் வரை அனுப்பினா டிசிஎஸ் இல்லை. அதுக்கு மேல போற தொகைக்குப் படிப்புன்னா 2025-26-ல 5 சதவீதமா இருந்தது. வங்கியில வாங்கின கல்விக் கடன்ல இருந்து போற பணத்துக்கு டிசிஎஸ்-ஏ கிடையாது.

இங்கே ஒரு படிவத்துல நிறையப் பேர் மாட்டிக்கறாங்க. அனுப்பற காரணத்தைக் குறிக்கற இடத்துல 'வெளிநாட்டில் கல்வி'ன்னு போடாம 'குடும்பப் பராமரிப்பு'ன்னு டிக் பண்ணிட்டா 20 சதவீதம். 11,904 யூரோவுக்கு 2025-26-ல இருந்த வித்தியாசத்தைப் பாருங்க: கல்வின்னா 9,520 ரூபாய், பராமரிப்புன்னா 38,080. பையனோட சாப்பாடு, தங்கற செலவும் கல்வி நோக்கத்துலயே அடங்கும்.

டிசிஎஸ் செலவு இல்லை, அட்வான்ஸ் வரிதான். சம்பளக்காரர்னா இந்த டிசிஎஸ் விவரத்தை ஆபீஸ்ல கொடுத்து மாசா மாசம் பிடிக்கற டிடிஎஸ்-ல கழிச்சுக்கலாம். நம்ம ஆசிரியர் மாதிரி வரியே வராத பென்ஷன்காரர்னா, ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வர்ற வரை அந்தப் பணம் முடங்கும். அம்மா பேர்ல சேமிப்பு இருந்தா ஒரு பகுதியை அம்மா அனுப்பட்டும். அவங்க பான்-க்குத் தனி 10 லட்சம்.

பையன் என்ஆர்ஐ-யா, இல்லையா?

ரெண்டும்தான். சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

ஃபெமா சட்டப்படி, படிக்கப் போற மாணவர் கிளம்பின உடனே என்ஆர்ஐ. 2003 டிசம்பர்ல ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையே விட்டிருக்கு. அதனால அடையாறு பிராஞ்ச்ல இருக்கற அவன் சேவிங்ஸ் அக்கவுண்டை என்ஆர்ஓ-வா மாத்தியாகணும். மாத்தினா வட்டிக்கு 31.2 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பாங்க. அவன் பேர்ல 3 லட்சம் எஃப்டி 7 சதவீதத்துல இருந்தா, 21,000 வட்டியில 6,552 போயிடும். ரிட்டர்ன் போட்டா திரும்பி வரும்.

வருமான வரிச் சட்டம் வேற மாதிரி எண்ணுது. 2025 செப்டம்பர் 25 அன்னிக்குக் கிளம்பியிருந்தா, ஏப்ரல்ல இருந்து இந்தியாவுல 178 நாள். 182-க்குக் குறைவுதானே, என்ஆர்ஐ தானேன்னு எல்லாரும் கேட்கறாங்க. அந்த 182 நாள் சலுகை வேலைக்குப் போறவங்களுக்கு. படிக்கப் போறவங்களுக்கு 60 நாள் கணக்கு, முந்தின நாலு வருஷத்துல 365 நாள் இங்கே இருந்திருந்தா போதும். ஆக 2025-26-ல பையன் ரெசிடெண்ட்.

ரெசிடெண்ட்டுக்கு வெளிநாட்டுல வங்கிக் கணக்கு இருந்தா, வருமானமே இல்லைன்னாலும் ரிட்டர்ன் போடணும், ஷெட்யூல் எஃப்ஏ-ல அந்தக் கணக்கைக் காட்டணும். ப்ளாக்டு அக்கவுண்ட் அவன் பேர்ல இருக்கறதால அதுவும் சேரும். காட்டாம விட்டா கருப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் அபராதம்னு இருந்தது. 2024 அக்டோபர்ல இருந்து, அசையாச் சொத்து தவிர மத்தது மொத்தம் 20 லட்சத்துக்குள்ள இருந்தா அந்த அபராதம் இல்லை. ஆனா ரிட்டர்ன் போடற கடமை போகலை.

கிளம்பறதுக்கு முன்னாடி அவனோட இந்திய மொபைல் நம்பரை ரோமிங்கோட உயிரோட வெச்சிருக்கச் சொல்லுங்க. அந்த சிம் செத்துட்டா வங்கி ஓடிபி எதுவும் வராது.

நம்ம ஆசிரியர் மகனுக்கு அஞ்சாவது வாரம்தான் முதல் 992 வந்தது. அதுவரை ஃப்ரெண்டு கொடுத்தது 640 யூரோ, திருப்பிக் கொடுத்துட்டான். ஷெட்யூல் எஃப்ஏ-வை எப்படி நிரப்பறதுன்னு அடுத்த வீடியோவுல ஸ்க்ரீன்ல காட்டறேன். பாஸ்புக்கும் பாஸ்போர்ட்டும் பக்கத்துல வெச்சுட்டுப் பாருங்க.