காட்டு வாசலில் ஒரு கணக்கு

யால தேசியப் பூங்காவுக்கு விடுமுறையில் போய் வந்தவர்கள் எமது வகுப்பில் சிலர் இருக்கிறார்கள். "என்ன பார்த்தாய்?" என்று கேட்டால் சிறுத்தையைப் பற்றிச் சொல்வதற்கு முன் வரிசையாக நின்ற ஜீப்புகளைப் பற்றித்தான் சொல்வார்கள். இத்தனை பெரிய காட்டில் எப்படி இந்த நெரிசல் என்ற கேள்விதான் என்னை இக்கட்டுரையை எழுத வைத்தது. புவியியல் பாடத்துக்காகக் கொஞ்சம் தேடிப் படித்தபோது, விடை வாசலில் எடுக்கப்படும் கணக்கிலேயே இருப்பது தெரிந்தது.

1938ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட யாலவின் பரப்பு சுமார் 979 சதுர கிலோமீற்றர். அது பல வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலானோர் போவது முதலாம் வலயத்துக்கு. அது ஏறக்குறைய 140 சதுர கிலோமீற்றர், அதாவது முழுப் பூங்காவின் ஏழில் ஒரு பங்குதான். சிறுத்தைகளைக் காணும் வாய்ப்பு அங்கே அதிகம் என்பதே காரணம். ஆகவே "யாலவுக்கு இத்தனை பேர் வந்தார்கள்" என்ற எண்ணை 979ஆல் பிரித்துப் பார்த்தால் காடு காலியாக இருப்பது போலத் தோன்றும். 140ஆல் பிரித்தால் கதையே வேறு.

வருட மொத்தம் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. நுழைவுச்சீட்டு வருமானம், உத்தியோகத்தர்களின் எண்ணிக்கை, பாதை திருத்தம், மலசலகூடம் ஆகிய எல்லாவற்றையும் அதை வைத்தே திட்டமிட வேண்டும். 2018இல் எமது நாட்டுக்கு 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். 2021இல் அது 2 இலட்சத்தையும் எட்டவில்லை. இப்படி ஏறி இறங்கும் எண்ணை நம்பித்தான் ஒரு பூங்காவின் செலவும், திஸ்ஸமஹாராமப் பக்கத்து ஜீப் சாரதிகளின் குடும்பங்களும் இருக்கின்றன.

ஆனால் சிறுத்தைக்கு வருட மொத்தம் தெரியாது. அதற்குத் தெரிவது இந்த நிமிடம் தன்னைச் சுற்றி நிற்கும் வாகனங்கள் மட்டும்தான்.

நோன்பு மாதத்தில் சிற்றுண்டிக் கடை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாள் முழுவதற்குமான வியாபாரத்தை மணித்தியாலங்களால் வகுத்துச் சராசரி எடுத்தால் ஒரு ஆள் போதும் என்று வரும். அஸருக்குப் பிறகு சமோசாவுக்கும் கட்லட்டுக்கும் வரும் கூட்டத்தை அந்த ஒரு ஆள் சமாளிக்க முடியுமா? காட்டிலும் அதே கதைதான். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை 300 ஜீப்புகள் உள்ளே போகின்றன என்றால், சராசரி மணிக்கு 25. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவற்றில் 200 முதல் இரண்டு மணித்தியாலங்களுக்குள் போய்விட்டால்? அந்நேரத்தில் ஒரு சாரதி சிறுத்தையைக் கண்டு மற்றவருக்குத் தொலைபேசியில் சொன்னால்? பாதையைக் கடக்க வந்த மிருகம் கடக்க வழியின்றித் திரும்பிப் போகும். சாரதியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்பது என் எண்ணம். காசு கொடுத்து ஏறியவர்கள் "சிறுத்தை எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும்போது அவர் என்ன செய்வார்?

எனவே எண்ண வேண்டியது மூன்று: எத்தனை வாகனங்கள், எந்த மணித்தியாலத்தில், எந்த இடத்தில். முதலிரண்டும் வாசலிலேயே கிடைக்கும். நுழைவுச்சீட்டில் நேரம் பதிந்தாலே போதும். பிறகு காலையில் ஒரு எல்லைக்கு மேல் வாகனங்களை விடாமல் பிற்பகலுக்குப் பதிவு கொடுக்கலாம். பலட்டுபான, கட்டகமுவ ஆகிய வாசல்களுக்கிடையே கூட்டத்தைப் பங்கிடலாம். மூன்றாவதுதான் கடினம். உள்ளே நின்று யாராவது எழுத வேண்டும்.

"முதலாம் வலயத்தில் கூட்டமென்றால் மற்ற வலயங்களுக்கு அனுப்பினால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். கேட்க இலகுவான தீர்வு. ஆனால் இன்னும் அமைதியாக இருக்கும் இடங்களுக்கும் நெரிசலைக் கொண்டுபோவதாக அது முடியலாம். இடத்தை மாற்றுவதற்கு முன் நேரத்தை மாற்றிப் பார்ப்பதே நல்லது.

ஹோட்டன் சமவெளியில் கணக்கு வேறு மாதிரி. அங்கே உள்ளே போவது கால்கள். 'உலக முடிவு' பள்ளத்தாக்கை மூடுபனி மறைக்கும் முன் பார்க்க வேண்டுமென்று எல்லோரும் விடியற்காலையிலேயே நடக்கத் தொடங்குவார்கள். சேறான இடத்தைத் தவிர்க்க ஒவ்வொருவரும் ஓரமாகக் கால் வைக்க, நடைபாதை அகன்று புல் அழியும். இப்படிப்பட்ட பாதைகளில் சில நாடுகள் ஒரு சிறு கருவியைப் பொருத்துகின்றன. கண்ணுக்குத் தெரியாத கதிரொன்றை யாராவது கடக்கும்போதெல்லாம் அது ஒன்று கூட்டிக்கொள்ளும். இருவர் அருகருகே நடந்தால் ஒருவராக எண்ணும். ஒரு மரை கடந்தால் அதையும் மனிதராக எண்ணிவிடும்! அதனால் சில நாட்களுக்கு ஒருவர் அங்கே நின்று கையால் எண்ணி, கருவி எவ்வளவு பிழைக்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்துவார்கள். ஆனாலும் வெறும் எண் போதாது. அதே இடத்தில் பாதையின் அகலத்தையும் அளந்து வந்தால்தான் எத்தனை கால்களை அந்த மண் தாங்கும் என்று தெரியவரும்.

யாலவில் பூச்சியமும் ஒரு தரவுதான். கடும் வறட்சி காரணமாக வழமையாக செப்டெம்பரில் மூடி ஒக்டோபர் நடுப்பகுதியில் திறப்பார்கள். மூடிய நாட்களில் ஒரு குளத்துக்கு விலங்குகள் எத்தனை மணிக்கு நீர் குடிக்க வருகின்றன என்று குறித்து வைக்கலாம். திறந்த பின் எடுக்கும் குறிப்போடு அதை ஒப்பிடுவது சரிவராது. மழை வந்துவிட்டால் நீர் எங்கும் கிடைக்கும், அவை குளத்துக்கே வராமல் போகலாம். மூடுவதற்கு முன், ஆகஸ்ட் மாதத்தில், அதே குளக்கரையில் எடுத்த குறிப்போடுதான் ஒப்பிட வேண்டும். ஜீப்புகள் இருந்த ஆகஸ்டில் அவை இருட்டிய பிறகும், ஜீப்புகள் இல்லாத செப்டெம்பரில் பகலிலும் வந்திருந்தால், அந்தக் குளத்துக்கு அருகே பகலில் எத்தனை வாகனங்களை விடலாம் என்று பேசத் தொடங்கலாம்.