செய்தி ஊருக்கு, எழுத்து எழுதியவருக்கு

சந்தா கட்டியவர் மட்டும் திறக்கக்கூடிய ஊர்ச் செய்தி ஒன்று யூட்ஸ்க வெஸ்ட்கிஸ்டன் பத்திரிகையில் வருகிறது. சந்தா வைத்திருக்கும் ஒருவர் அதை நான்கைந்து ஸ்கிரீன்ஷொட்டாக எடுத்து, இருநூறு பேர் இருக்கும் தமிழ்ச் சங்க வட்ஸ்அப் குழுவில் போடுகிறார். இன்னொருவர் முழுவதையும் தமிழாக்கி முகநூலில் ஏற்றுகிறார். டெனிஷ் வாசிக்கச் சிரமப்படும் மூத்தவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் டென்மார்க்கின் பதிப்புரிமைச் சட்டப்படி இரண்டுக்குமே அனுமதி வேண்டும். மொழிபெயர்க்கும் உரிமையும் எழுதியவரிடம்தான் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

எதற்கு அனுமதி தேவையில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். கிரின்ஸ்டெட் இரசாயனத் தொழிற்சாலை 1956 முதல் 1973 வரை தன் கழிவுநீரை மேற்குக் கடற்கரையில் உள்ள கேர்கோர் காட்டு மணல்மேடுகளில் கொட்டியது. இந்த வரியை எழுத நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நடந்த உண்மைக்கு உரிமையாளர் இல்லை. ஒரு நிருபர் பழைய கோப்புகளைத் தோண்டி, ஆட்களைத் தேடிப் பேசி, அதைத் தன் வசனங்களில் கோத்துத் தரும்போது அந்த வசனங்கள் மட்டுமே அவருடையவை. சட்டங்களுக்கும் அதிகாரபூர்வ முடிவுகளுக்கும் பதிப்புரிமையே கிடையாது. ஆகவே கிரின்ஸ்டெட் அடங்கிய பில்லுண்ட் நகரசபையின் முடிவை அதன் இணையத்தளத்திலிருந்து எடுத்து முழுமையாகவே தமிழில் தரலாம்.

எவ்வளவு எடுத்தால் தவறு? இந்தக் கேள்விக்கு ஐரோப்பா முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் வழக்கு டென்மார்க்கில்தான் பிறந்தது. இன்ஃபோபாக் என்ற நிறுவனம் பத்திரிகைகளை ஸ்கேன் செய்து, வாடிக்கையாளர் கேட்ட சொல்லைக் கணினியில் தேடி, அதற்கு முன் ஐந்து சொல், பின் ஐந்து சொல் என்று எடுத்துக் கொடுத்தது. மொத்தம் பதினொரு சொற்கள். டெனிஷ் நாளிதழ்கள் சங்கம் இதை எதிர்த்தது. பதினொரு சொல்லில்கூட எழுதியவரின் சொந்தப் படைப்பாற்றல் தெரியுமானால் அதற்கும் பாதுகாப்பு உண்டு என்று 2009 ஜூலை 16 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. மேற்கோள் காட்டவே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. பெயரும் மூலமும் சொல்லி, பேசும் விஷயத்துக்குத் தேவையான அளவு எடுத்துக்காட்டச் சட்டமே இடம் தருகிறது.

இணைப்பு அனுப்புவதும் ஒருகாலத்தில் சிக்கலாகத்தான் இருந்தது. 2002இல் நியூஸ்பூஸ்டர் என்ற தேடல் சேவை பத்திரிகைகளின் உட்பக்கங்களுக்கு நேரடி இணைப்புக் கொடுப்பதைக் கோப்பன்ஹேகன் நீதிமன்றம் தடுத்தது. எல்லாருக்கும் திறந்திருக்கும் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்க அனுமதி வேண்டாம் என்று 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம் தெளிவாக்கியது. பத்திரிகை நிறுவனங்களுக்கென 2021 ஜூனில் டென்மார்க் கொண்டுவந்த இரண்டாண்டு உரிமையிலும் இணைப்புக்கும் மிகச் சிறு துணுக்குக்கும் விலக்கு உண்டு. தனிமனிதர் இலாபநோக்கின்றிப் பகிர்வதையும் அந்தப் புதிய உரிமை தொடாது. ஆனால் நிருபரின் பழைய பதிப்புரிமை அப்படியே நிற்கிறது. அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வீட்டுக்குள் விஷயம் வேறு. அம்மம்மாவுக்கு மொழிபெயர்த்து வாசித்துக் காட்டலாம், உங்களுக்கென ஒரு பிரதியும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். சங்கத்தின் இருநூறு பேர் குழுவைத் தனிப்பட்ட வட்டம் என்று சொல்லித் தப்ப முடியாது.

இப்படிக் குழுவில் பகிர்வதால் பத்திரிகைக்கு உண்மையில் நட்டமா? ஒரு ஸ்கிரீன்ஷொட்டால் எந்தப் பத்திரிகையும் மூடப்படாது. இலவசமாகப் பார்த்த எல்லாரும் காசு கொடுத்திருப்பார்கள் என்று பதிப்பாளர்கள் போடும் கணக்கையும் நான் ஏற்கமாட்டேன். ஆனால் கிரின்ஸ்டெட் பத்தாயிரம் பேர் அளவிலான ஊர். நகரசபைக் கூட்டத்துக்கு ஒரு நிருபரை அனுப்பி உட்கார வைக்கும் செலவை இங்கே சில நூறு சந்தாக்கள்தான் தாங்க வேண்டும். அதைவிட எனக்குப் பெரிதாகப் படும் நட்டம் நம்முடையது. குழுவில் வாசித்தவர் பத்திரிகையின் கணக்கில் வருவதில்லை. தமிழ்க் குடும்பங்கள் இத்தனை ஆர்வமாக ஊர்ச் செய்தி படிக்கின்றன என்பது ஆசிரியர் குழுவுக்குத் தெரியாமலே போகிறது. தெரியாதவர்களைத் தேடி யாரும் பேட்டிக்கு வரமாட்டார்கள்.

தமிழ்நாட்டு இதழ்களின் பிடிஎஃப் நாள்தோறும் வந்து விழும் டெலிகிராம் சேனல்களில் சந்தேகத்துக்கே இடமில்லை. அது முழு இதழையும் அள்ளிக் கொடுப்பது. ஜாக்ரண் பத்திரிகை நிறுவனம் தொடுத்த வழக்கில், 2020 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அத்தகைய சேனல்களை நீக்கவும் அவற்றை நடத்தியவர்களின் விவரத்தைத் தரவும் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது.

சந்தா கட்ட வசதியில்லாதவர்கள் நூலகத்துக்குப் போகலாம். இன்ஃபோமீடியா என்ற கட்டுரைக் களஞ்சியத்தைப் பல டெனிஷ் பொது நூலகங்கள் இலவசமாகத் திறந்துவிடுகின்றன. கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள். சில பத்திரிகைகளில் சந்தாதாரரே கட்டுரையை ஒருவருக்கு அன்பளிப்பாக அனுப்பவும் வசதி உண்டு. குழுவுக்கு இணைப்பைப் போட்டு, சாரத்தை உங்கள் சொந்தத் தமிழில் மூன்று நான்கு வரியில் எழுதுங்கள். மூத்தவர்களுக்கு வேண்டியதும் பெரும்பாலும் அவ்வளவுதான்.

படங்களில் கூடுதல் கவனம் வேண்டும். சங்கத்தின் பக்கத்தில் பத்திரிகைப் படத்தைப் போட்டுவிட்டுப் பணம் கேட்டு ஒரு கடிதம் வந்தால் குப்பையில் போடாதீர்கள், பயந்து உடனே கட்டவும் வேண்டாம். படத்தை நீக்குங்கள். அனுப்பியவர் உண்மையான உரிமையாளரா, தொகையை எப்படிக் கணக்கிட்டார் என்று எழுத்தில் கேளுங்கள். சட்டம் முதன்மையாகச் சொல்வது நியாயமான கட்டணமும் ஏற்பட்ட நட்டத்துக்கு ஈடும். பதில் எழுதும் முன் அட்வொகாட்வாக்ட் எனப்படும் இலவச வழக்கறிஞர் ஆலோசனைக்குப் போகலாம். பெயரைக்கூடச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் எழுதிய கட்டுரையையோ எடுத்த கோவில் திருவிழாப் படத்தையோ வேறொரு தளம் கேட்காமல் போட்டிருந்தாலும் வழி இதேதான்: பக்கத்தைப் படமெடுத்துத் தேதியோடு வையுங்கள், நீக்கச் சொல்லி எழுதுங்கள், கட்டணமும் கேளுங்கள்.